மூச்சு பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை

என் ஆசை நைனா,

லாஸ்யா இப்போதுதான் தூங்கினாள். நீ பார்க்காத பேத்தி. நீ போனபோது என் வயிற்றில் இருந்தவள். தூங்குகிற குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மழை ஆரம்பித்தால் போதும், அவளுக்கு இழுப்பு வந்துவிடும். உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வீட்டு விஷயத்தை ஊரறிய எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் தனியாகப் பேச ஆரம்பித்தால் அழுகைதான் வருகிறது, விஷயம் நின்றுபோகிறது. நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்வேன். அதுவுமில்லாமல், அந்தக் கொரோனா இரண்டாவது அலையில் மூச்சுக்குத் திணறி வழியிலேயே நின்றுபோனது நீ ஒருத்தன் மட்டுமா? அவர்கள் வீட்டிலும் யாராவது இதைப் படிக்கட்டும்.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு ஆம்புலன்ஸ் வந்தது நைனா. "வரமாட்டாங்க, உடு" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். வந்தது. மெயின் ரோடு வரைக்கும் வந்தது.

நம் காலனிக்குத் திரும்புகிற இடத்தில் பஞ்சாயத்திலிருந்து பெரிய சிமெண்ட் குழாயை உருட்டிப் போட்டு, அதன் மேல் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். நோய் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது என்று. வண்டி வந்து பார்த்துவிட்டு, மறுபக்கமாகச் சுற்றி வரலாம் என்று திரும்பியது. மறுபக்கம் எப்படி என்று உனக்குத் தெரியும். நம் ரோடு ஆந்திராவில் கிளம்பி, கொஞ்ச தூரம் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, மறுபடி ஆந்திராவுக்கு வந்துதான் புத்தூர் போகிறது. பஸ்ஸில் தூங்குகிறவனுக்கு ஒரு மாநிலம் போய் வந்ததே தெரியாது. அந்த நாட்களில் மட்டும் அங்கே இரண்டு தடுப்புக் கட்டைகள் முளைத்திருந்தன. தமிழ்நாட்டுக் கட்டையில் பாஸ் கேட்டார்கள். திரும்பி வந்த வண்டியை ஆந்திராக் கட்டையில் ஏன் திரும்பினாய் என்று கேட்டார்கள்.

அதற்குள் நாங்கள் உன்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு முள் வரைக்கும் வந்துவிட்டோம். குழாய்க்கு இந்தப் பக்கம், நல்ல மத்தியான வெயிலில், நீ போனாய். சைரன் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. உனக்குக் கேட்டதா?

யார் மேல் கோபப்படுவது என்று ரொம்ப நாள் தெரியவில்லை எனக்கு. குழாய் போட்டவர்கள் ஊரைக் காப்பாற்றத்தான் போட்டார்கள். பாஸ் கேட்டவருக்கு அதுதான் வேலை. எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தார்கள் நைனா. ஒருத்தர் செய்தது இன்னொருத்தருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இந்த நியாயமெல்லாம் கிடையாது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு யார் வந்தாலும் கதவைச் சாத்திவிடுவாள். பி.பி. பார்க்க நர்ஸம்மா வருவார். "ஊட்ல யாரும் இல்ல" என்று உள்ளே இருந்தே அம்மா குரல் கொடுப்பாள். "அப்போ பேசறது யாரும்மா?" என்று அவர் கேட்பார். "யாரும் இல்ல!" என்று இன்னும் சத்தமாகப் பதில் வரும்.

உன் மாப்பிள்ளை நாயுடுபேட்டையில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டார். வாராவாரம் வரும்போதெல்லாம் அதே பேச்சு. "தெருக்கோடியிலயே ஆஸ்பத்திரி கீது கோமதி. இங்க இன்னா கீது? கொழந்தைக்கு இழுப்பு வந்தா உன் அப்பாவ தூக்கினு போன மாதிரி கட்டில்லதான் தூக்கினு போவியா?"

அம்மா இந்த ஊரை விட்டு வரமாட்டாள். அவளைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனசு வராது. ஆனால் பெற்றவளுக்கு வேறு கணக்கு இருக்கிறதே. எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. என் குழந்தைக்கு மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வருமா, வராதா? வரும் என்றால் இருப்போம். வராது என்றால் மூட்டை கட்டுவோம். இந்த மழைக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும் என்று அவரிடம் தவணை வாங்கியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நம் ஸ்கூலில் ஒரு கூட்டம் போட்டார்கள். மறுபடி ஒரு பெருநோய் வந்தால் என்ன செய்வது என்று மண்டல் ஆபீஸ், சுகாதாரம், போலீஸ், பஞ்சாயத்து, ஸ்கூல் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம். அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுப் போலீஸையும் கூப்பிட்டிருந்தார்கள். போன தடவை ஆள் இழந்த வீட்டிலிருந்தும் ஒருவர் வரவேண்டுமாம். அம்மா போகமாட்டாள். நான் லாஸ்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

ஹெட்மாஸ்டர் கரும்பலகையில் நம் ரோட்டைப் போட்டார். நான் எழுந்து, குழாய் எங்கே இருந்தது, கட்டில் எங்கே நின்றது, வண்டி எங்கெங்கே திரும்பியது என்று காட்டினேன். அழுத்திக் கோடு போட்டதில் சாக்பீஸ் உடைந்தது.

தமிழ்நாட்டு எஸ்.ஐ.தான் முதலில் வாயைத் திறந்தார். "உள்ள ரோடு மூடியிருக்குன்னு எங்களுக்கு யாரும் ஒரு போன் பண்ணலியேம்மா. தெரிஞ்சிருந்தா விட்டிருப்போமே."

ஆந்திரா ஏட்டு தலையைக் குனிந்துகொண்டு, "மீ நம்பரு மா தக்கர லேதண்டி" என்றார். உங்கள் நம்பர் எங்களிடம் இல்லை என்று.

"ஒரே கடையிலதானே சார் ரெண்டு பேரும் டீ குடிச்சோம்?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

சிரிக்க வேண்டிய பேச்சு. ஒருத்தரும் சிரிக்கவில்லை நைனா. இரண்டு கட்டைக்கும் நடுவில் அந்த டீக்கடை இருந்தது உனக்கும் தெரியும். டீ போய் வந்தது, பேச்சு போய் வரவில்லை.

அன்றைக்கே முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் காலனியில் ஒத்திகை பார்ப்பது. காலையில் பெரியவர்கள் எல்லாருக்கும் மூச்சு, பி.பி., சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். அப்புறம் ஒருவரை நோயாளி மாதிரிப் படுக்க வைத்து, போன் போட்டு, வண்டி வரவழைத்து, பழையபடி இரண்டு கட்டையும் போட்டு, அவற்றைத் தாண்டிப் புத்தூர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டவேண்டும். என் கேள்விக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்? நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தேன்.

முதல் ஞாயிறு என்ன ஆயிற்று தெரியுமா? நீ இருந்திருந்தால் துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

பஞ்சாயத்து ஆட்டோ முந்தின நாள் மைக்கில் தெலுங்கில் சொல்லிக்கொண்டு போனது. "ஆதிவாரம் ஸ்கூல்லோ பரீக்ஷலு! அந்தரூ தப்பக ராவாலி!" தெலுங்கில் ஆஸ்பத்திரியில் பார்க்கிறதும் பரீக்ஷதான், பள்ளிக்கூடத்தில் எழுதுகிறதும் பரீக்ஷதான். தமிழ் பேசுகிற நம் ஜனத்துக்கு எது காதில் விழும்? ஞாயிற்றுக்கிழமை ஸ்கூலில் பரீட்சை, கட்டாயம் வரவேண்டும்!

எதிர் வீட்டுக் கோவிந்தம்மா அத்தை விடியும்போதே கத்த ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கெழமகூட பரீட்ச வெக்கிறாங்களே, பசங்க துன்னுட்டுத் தூங்கவாணாமா? எழுந்துருடி ஸ்வேதா, பென்சில் எங்கடி?" வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து, யூனிஃபார்ம் மாட்டி அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் எல்லாரும் நிலக்கடலை பிடுங்கப் போய்விட்டார்கள்.

நான் போய்ப் பார்க்கும்போது, திருப்பதியிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா மேஜை போட்டு விரலில் மாட்டுகிற கருவிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரில் வரிசையாகப் பிள்ளைகள். எல்லார் மடியிலும் பரீட்சை அட்டை. டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது.

"பெத்தவாள்ளு ஏரி?" என்று கேட்கிறார். பெரியவர்கள் எங்கே என்று.

ஸ்வேதா எழுந்து நின்று பதில் சொல்கிறாள். "பெத்தவங்க கல்லக்கா புடுங்கப் போய்க்கினாங்க மேடம். கொஸ்டின் பேப்பர் எப்போ குடுப்பீங்க?"

பஞ்சாயத்து செக்ரட்டரிக்கு முகம் செத்துவிட்டது. ஹெட்மாஸ்டர் மட்டும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பு உங்க மேலயும் இல்ல, எங்க மேலயும் இல்ல சார். ஒரே சொல்லு, ரெண்டு பாஷையில குடித்தனம் பண்ணுது" என்றார். ஒத்திகை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப்போனது. போகும்போது என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் ஆட்டோவுல உட்கார்ந்து நீயே தமிழ்ல சொல்லிடும்மா" என்று சொல்லிவிட்டார்.

மைக்கில் பேசுகிற பயம் ஒரு பக்கம். என்ன சொல் சொல்வது என்பது இன்னொரு பக்கம். 'டெஸ்ட்' என்றால் அதுவும் பள்ளிக்கூடம்தான். 'செக்கிங்' என்றால் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவர் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் போலீஸ். 'பரிசோதனை' என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது செத்தவங்களுக்குப் பண்றதுடி, டி.வி.யில சொல்றாங்களே" என்றாள். படித்த படிப்பில் ஒரு சொல் கிடைக்கவில்லை எனக்கு.

யோசித்துக்கொண்டே லாஸ்யா நெஞ்சில் காதை வைத்தேன். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். "இன்னாம்மா பண்ற?"

"மூச்சு பாக்கறேன் கண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அடுத்த சனிக்கிழமை ஆட்டோவில் உட்கார்ந்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன். "மூச்சு பாக்கறாங்க, மூச்சு பாக்கறாங்க! பெரியவங்க எல்லாரும் நாளைக்கு ஸ்கூலாண்ட வாங்க! பசங்களுக்குப் பரீட்ச கெடையாது!" கோவிந்தம்மா அத்தை வாசலில் நின்றுகொண்டு, "எம்மூச்ச பாக்க ஆட்டோ எதுக்குடி? உங்க மாமனக் கேளு, ராத்திரியெல்லாம் எங்கொறட்டைய அவருதான் கேட்டுக்கினு கீறாரு" என்றாள். தெருவே சிரித்தது. சிரித்த வாயோடு எல்லாரும் மறுநாள் வந்தார்கள் நைனா. கடலை பிடுங்கப் போனவர்கள்கூட வேலையைப் பாதியில் விட்டு வந்து விரலை நீட்டினார்கள்.

பார்த்து முடித்ததும், நோயாளியாகப் படுக்க ஆள் தேடினார்கள். ஒருத்தரும் வரவில்லை. "உயிரோட கீறப்பவே படுக்க வெச்சி தூக்கினு போறதா? அபசகுனம்" என்று அத்தை ஒதுங்கிக்கொண்டாள். செக்ரட்டரி, நானே படுக்கிறேன் என்றார். அவருடைய உடம்பு கொஞ்சம் தாராளம். "அப்போ ஆம்புலன்ஸ் வாணாம் சார், கிரேன் சொல்லுங்க" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"நான் படுக்கிறேன்."

அம்மா குரல். எப்போது வந்தாள் என்றே தெரியாது. பின்னால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைத்தான் பார்த்தாள். "ஆனா இங்க படுக்கமாட்டேன். எங்க ஊட்டு வாசல்ல படுப்பேன். வண்டி அங்க வரணும்."

ஸ்கூல் மைதானத்தில் செய்வதாகத்தான் திட்டம். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் எஸ்.ஐ., "அந்தம்மா சொல்றதுதான் சரி" என்றார்.

கட்டிலை வாசலில் போட்டேன். அம்மா படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸம்மா போன் போட்டார். காத்திருந்தோம். சைரன் சத்தம் கேட்டது. கிட்டே வந்தது. அப்புறம் ஒரே இடத்தில் நின்று கத்த ஆரம்பித்தது.

அதே சத்தம். அதே தூரம். மனதுக்குள் நாயுடுபேட்டைக்குப் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஏட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். என்னவென்றால், ஒத்திகை பார்க்க வருகிற பெரிய அதிகாரிகள் வெயிலில் நிற்கக்கூடாதே என்று, காலனித் திருப்பத்தில் ரோட்டை அடைத்து ஷாமியானா பந்தல் போட்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள்! பந்தல் போட்டவருக்கு வண்டி அந்த வழியாக வரும் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். உன் சாவுக்குப் பிறகு அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "யோவ்! பந்தல புடுங்குங்கய்யா! இங்க ஒருத்தி செத்துக்கினு கீறேன்!"

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். செக்ரட்டரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கம்பத்தைக் கட்டிப்பிடித்துப் பிடுங்குகிறார். ஏட்டு ஒரு கயிற்றை அவிழ்க்கிறார், எஸ்.ஐ. இன்னொன்றை. ஹெட்மாஸ்டர் தலையில் நாற்காலி அடுக்கு. டாக்டரம்மா செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து, சரிகிற துணி தரையில் விழாமல் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறார். அத்தனை ஆபீசும் ஒரே துணியைச் சுற்றி நின்று இழுத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கோவிந்தம்மா அத்தை, "கல்யாணத்துக்குப் போட்ட பந்தலக்கூட இவ்ளோ சீக்கிரம் பிரிச்சதில்லடி" என்றாள்.

வண்டி வந்தது நைனா. நம் வாசலுக்கு வந்தது. பின்கதவு நம் துளசிச் செடியை உரசிக்கொண்டு திறந்தது.

லாஸ்யாவையும் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். ஆந்திராக் கட்டை மேலே தூக்கியிருந்தது. அங்கிருந்தவர் போனைக் காதில் வைத்தபடியே போ போ என்று கையைக் காட்டினார். அந்தப் போனைக் கேட்டுத்தான் தமிழ்நாட்டுக் கட்டையும் நாங்கள் வருமுன்னே தூக்கியிருந்தது. கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். வண்டி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

அம்மா முழங்கையை ஊன்றி எழுந்து, பின்கண்ணாடி வழியாக அந்தக் கட்டையையே பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இன்னாம்மா?"

"ஒருத்தரு போன் பண்றாரு. ஒருத்தரு கவுத்த இழுக்கறாரு. இவ்ளோதானா கோமதி?"

அவள் அழ ஆரம்பித்தாள். நீ போனபோதுகூடப் பிறத்தியார் முன்னால் அழாதவள், வாய்விட்டு அழுதாள். வண்டியிலிருந்த நர்ஸ், ஒத்திகைக்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "சாலா பாகா சேஸ்துன்னாரம்மா" என்று பாராட்டினார். ரொம்ப நன்றாகச் செய்கிறீர்கள் என்று. அம்மாவுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "ஆக்டிங்னு நெனச்சிக்கினு கீது பாரு இது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். புத்தூர் வரைக்கும் விடவில்லை.

அங்கே போய் நிஜமாகவே பி.பி. பார்த்தார்கள். ஏகத்துக்கு இருந்தது. ஒத்திகைக்குப் படுத்தவளுக்கு உண்மையான மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். விழுங்குகிறாள். சொல்லாமலே விழுங்குகிறாள்.

அதற்கப்புறம் மாதாமாதம் எல்லாரும் நம் ஸ்கூலில் கூடுகிறார்கள். இரண்டு கட்டையின் நம்பரும் இரண்டு பக்கத்துச் சுவரிலும் பெயிண்டில் எழுதியாகிவிட்டது. ஆள் மாறினாலும் சுவர் மாறாது என்று எஸ்.ஐ. சொன்னார். லாஸ்யா மாதிரி இழுப்பு இருக்கிற பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் என்று நர்ஸம்மாவுக்கும் தெரியும், ஹெட்மாஸ்டருக்கும் தெரியும். அறிவிப்பு என்றால் தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழுக்கு நான்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அந்த ஏட்டு இப்போதே மாறுதலாகிப் போய்விட்டார். டாக்டரம்மா எத்தனை நாள் இருப்பார்? புதிதாக வருகிறவர்கள் கூட்டத்துக்கு வருவார்களா? இனிமேல் பயமில்லை என்று ஒரு நம்பர் எழுதிய சுவரை வைத்துச் சொல்லிவிட முடியுமா? எனக்குப் பயம் போகவில்லை நைனா. ஆனால் முன்பு மாதிரி தனியாகப் பயப்படவில்லை. அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று உனக்குச் சொன்னால் புரியும்.

உன் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "வண்டி வாசலுக்கு வந்துச்சி. இந்த மழைக்கு நாங்க இங்கதான் இருக்கறோம்" என்றேன். "சரி. ஆவி பிடிக்கிற மெஷின் ஒண்ணு வாங்கினு வரேன். அத்தைய மாத்திரை போடச் சொல்லு" என்றார். அவ்வளவு சம்மதம் இப்போதைக்குப் போதும்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். மாதாமாதம் அந்தக் கூட்டத்தில் போய் உட்காருவேன். யார் வந்தாலும் வராவிட்டாலும், லாஸ்யா மடியில் தூங்கினாலும் அழுதாலும், உட்காருவேன். நம் ரோட்டில் யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும், ஊர் நல்லதுக்கே போட்டாலும், "யார்யாரக் கேட்டுப் போட்டீங்க?" என்று எழுந்து நின்று கேட்பேன். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. பதில் வருகிற வரைக்கும் உட்காரமாட்டேன்.

உன் மகள்,
லாஸ்யாவைப் பெற்றவள்,
கோமதி